பாஸ்கெட்பால் அட்டெண்டன்ஸ் பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தப்புகள்

அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல ஒரு டீமுக்கு கூட்டம் கூடுனா "ஜெயிக்கிறாங்க, அதான்"னும், குறைஞ்சா "தோக்குறாங்க, அதான்"னும் உடனே முடிவு கட்டிடறாங்க. வெற்றிக்கு பங்கு இருக்கு, ஆனா அது மட்டும்தான்னு நினைக்கிறது பெரிய தப்பு. பாஸ்கெட்பால் ஜாம்பவான் மைக்கேல் ஜோர்டான் ரிட்டயர்மென்ட்ட விட்டு திரும்பி வந்து வாஷிங்டன் விசார்ட்ஸுக்கு ஆடுன 2001-02, 2002-03 சீசன எடுத்துக்கோங்க, ரெண்டுலயும் 37 ஜெயிச்சு 45 தோத்தாங்க, பிளேஆஃப்ங்கிற நாக்அவுட் சுத்து பக்கமே போகல, ஆனா ரெண்டு வருஷமும் ஹோம் மேட்ச் அத்தனையும் ஹவுஸ்ஃபுல். அந்த மனுஷன கடைசியா ஒரு தடவ நேர்ல பாத்துடணும்னு வந்த ஜனம் அது.

அடுத்தது, இந்த வருஷ ஆட்டத்துக்கு இந்த வருஷமே கூட்டத்துல பதில் தேடுறது. 2010 ஜூலைல ஸ்டார் பிளேயர் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் டீம விட்டு மயாமி டீமுக்கு போயிட்டாரு, அடுத்த சீசன்ல கேவலியர்ஸுக்கு 19 வெற்றி, 63 தோல்வி, நடுவுல தொடர்ந்து 26 மேட்ச் தோத்தாங்க, ஆனாலும் அந்த வருஷம் அட்டெண்டன்ஸ் பெருசா குறையல! ஏன்னா அவரு முடிவ சொல்றதுக்கு முன்னாடியே நிறைய பேர் சீசன் டிக்கெட்ட ரினியூ பண்ணிட்டாங்க. நல்லா அடி விழுந்தது அதுக்கும் அடுத்த சீசன்லதான். ரசிகனோட கோவம் டிக்கெட் கணக்குல தெரிய ஒரு வருஷம் ஆகும்.

இதுலயே இன்னொன்னும் இருக்கு, லீக் சொல்ற அட்டெண்டன்ஸ் பொதுவா வித்த, கொடுத்த டிக்கெட்டோட கணக்கு, வாசல தாண்டி உள்ள வந்தவங்க கணக்கு இல்ல. டிவில வரிசை வரிசையா காலி சீட் தெரியும், கீழ பெரிய நம்பர் போட்டிருப்பாங்க, பொய்யில்ல, எண்ணுற விஷயம் வேற.

அரீனா, அதாவது மேட்ச் நடக்குற அரங்கத்தோட சைஸ பாக்காம கம்பேர் பண்ணவே பண்ணாதீங்க ப்ளீஸ். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2019ல 19,596 சீட் இருந்த ஆரக்கிள் அரீனாவ விட்டு 18,064 சீட் இருக்குற சேஸ் சென்டருக்கு மாறுனாங்க, ஃபுல்லா நிரம்புனாலும் சராசரி குறையத்தானே செய்யும்? பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏல இது தலைகீழ், வாஷிங்டன் மிஸ்டிக்ஸோட சொந்த அரீனால சுமார் 4,200 சீட்தான், 2024ல ஸ்டார் பிளேயர் கெய்ட்லின் கிளார்க்கோட இண்டியானா ஃபீவர் டீம் வந்தப்போ மேட்ச்ச கேபிடல் ஒன் அரீனாவுக்கு மாத்துனாங்க, 20,000க்கு மேல கூட்டம். கிளார்க் இல்லாம அது நடந்திருக்காது, ஆனா பழைய இடத்துலயே வெச்சிருந்தா அந்த ஆசை எவ்வளவு பெருசுன்னு எந்த நம்பர்லயும் தெரிஞ்சிருக்காது.

அதனால சராசரியோட சேத்து எத்தன சதவீதம் சீட் நிரம்புச்சுன்னும் பாருங்க. முக்கியமா, வார நாள் மேட்ச்சையும் சனிக்கிழமை மேட்ச்சையும் பக்கத்துல வெச்சு ரசிகர்கள திட்டாதீங்க.