ஒற்றை நபர் ஆய்வு: எந்த வடிவமைப்பு?

ஒருவரின் (அல்லது ஓரிருவரின்) நடத்தையைத் திரும்பத் திரும்ப அளந்து, மாற்றம் பயிற்சியால்தான் வந்ததா என்று பார்ப்பதே ஒற்றை நபர் ஆய்வு. நடத்தைப் பகுப்பாய்வில் பலர் இதற்கான வடிவமைப்பை முதலில் பிடித்துவைத்துக்கொண்டு, கேள்வியை அப்புறம் அதற்குள் திணிப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பயிற்சியை நிறுத்தினால் நடத்தை பழையபடி திரும்புமா? திரும்ப விடலாமா?

டோக்கன் (பிறகு பரிசாக மாற்றிக்கொள்ளும் வில்லை) கொடுத்தால் பையன் வகுப்பில் உட்காருகிறான், நிறுத்தினால் எழுந்து ஓடுகிறான் என்றால் ஏ-பி-ஏ-பி போதும்: பயிற்சி இல்லாமல் அளந்து, கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பது. சான்றும் வலுவாக இருக்கும். ஆனால் ஷூ லேஸ் கட்டக் கற்ற பிள்ளை, நீங்கள் நிறுத்தியதும் அதை மறந்துவிடாது. அங்கே பல அடிக்கோட்டு வடிவமைப்புதான் சரி (அடிக்கோடு என்றால் பயிற்சிக்கு முன் எடுக்கும் அளவீடு). மூன்று பிள்ளைகளோ மூன்று திறன்களோ எடுத்து, எல்லாவற்றையும் அளந்துகொண்டே, பயிற்சியை மட்டும் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். முதலாவது ஏறும்போது மற்ற இரண்டின் கோடும் அசையக் கூடாது. திறன்கள் ஒன்றோடொன்று ஒட்டியவையாக இருந்தால் இது சொதப்பும். ஒரு முடிச்சு கற்றால் இன்னொன்றும் தானாக வந்துவிடும்.

தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளையிடம் 'நிறுத்திப் பார்ப்போம்' என்பதும் தவறு, பல அடிக்கோட்டில் மூன்றாவது ஆளாக வாரக்கணக்கில் காக்க வைப்பதும் தவறு.

இரண்டு முறைகளில் எது மேல் என்று சீக்கிரம் தெரிய வேண்டுமா? மாறிமாறிக் கொடுக்கும் வடிவமைப்பு. சிகரெட்டை 20, 16, 12 என்று படிப்படியாகக் குறைக்க, மாறும் இலக்கு வடிவமைப்பு.

எதை எடுத்தாலும், அடிக்கோட்டில் குறைந்தது 3 புள்ளிகள் (அதாவது 3 அளவீடுகள்), முடிந்தால் 5. கோடு ஏற்கெனவே நல்ல பக்கம் போய்க்கொண்டிருந்தால் பயிற்சியைத் தொடங்காதீர்கள், காத்திருங்கள்.