பிட்காயின் வாலட்டை வைத்து ரகசியச் செய்தி அனுப்புவது எப்படி?

ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த மோசடி தெரிந்திருக்கும்: பையருக்குப் போகும் மெயிலில் யாரோ புகுந்து பேங்க் அக்கவுண்ட் நம்பரை மட்டும் மாற்றிவிடுவார்கள், பணம் எங்கோ போய்விடும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவரும் கரூரில் இருக்கும் அவருடைய பார்ட்னரும் ரேட்டையும் அக்கவுண்ட் விவரத்தையும் பத்திரமாகப் பரிமாறிக்கொள்ள, பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தை வைத்துக்கொள்ளும் செயலியான வாலட்டில் இருக்கும் கீ ஜோடியே போதும்: செய்தியைப் பூட்ட, யாருக்கும் கொடுக்கக்கூடிய பப்ளிக் கீ; அதைத் திறக்க, நம்மிடமே ரகசியமாக இருக்கும் பிரைவேட் கீ. ஒரு பைசாவுக்குக் காயின் வாங்க வேண்டாம், கட்டணமும் கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாலட் முகவரியை (காயின் பெறுவதற்காகக் கொடுக்கும் எழுத்து வரிசையை) மட்டும் வைத்து யாருக்கும் செய்தியைப் பூட்டி அனுப்ப முடியாது, பப்ளிக் கீ வேண்டும். 1 என்று தொடங்கும் பழைய பிட்காயின் முகவரி என்பது பப்ளிக் கீயை எஸ்எச்ஏ-256, பிறகு ரைப்எம்டி-160 என்ற கணக்கு முறைகளில் இரண்டு தடவை அரைத்து எடுத்த 20 பைட் சுருக்கம்தான். விரலி மஞ்சளை அரைத்த பிறகு தூளிலிருந்து விரலியை எடுக்க முடியாத மாதிரி, முகவரியிலிருந்து கீயைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த முகவரியிலிருந்து ஒரு தடவையாவது காயினைச் செலவழித்திருந்தால் பப்ளிக் கீ பிளாக்செயினில், அதாவது எல்லாரும் பார்க்கக்கூடிய பரிவர்த்தனைப் பதிவேட்டில், வெளியே வந்திருக்கும். எத்தீரியம் என்ற இன்னொரு டிஜிட்டல் நாணயத்திலும் அப்படித்தான், பரிவர்த்தனைக் கையெழுத்திலிருந்து கீயைக் கணக்கிட்டுவிடலாம். நாம் தொடங்கப்போவது காலி வாலட் என்பதால் செய்தியைப் பெறுபவர் தன் கீயைத் தானே அனுப்ப வேண்டும்.

இதற்கு எலக்ட்ரம் என்ற வாலட் வசதியானது, கம்ப்யூட்டர் பதிப்பை எடுங்கள். அதன் அதிகாரபூர்வத் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். 2018 கடைசியில் "அப்டேட் செய்யுங்கள்" என்று போலிச் செய்தி காட்டி நிறையப் பேருடைய பிட்காயினைத் திருடியிருக்கிறார்கள். பணம் வைத்திருக்கும் வாலட்டை இதற்குத் தொடவே வேண்டாம். முகவரி தெரிந்தால் உங்கள் இருப்பையும் வரவு செலவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் செய்திக்கென்றே தனி வாலட் உருவாக்குங்கள். வாலட்டை மீட்பதற்காக அது காட்டும் 12 சொற்களைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

வியூ மெனுவில் முகவரிப் பட்டியலைத் திறந்து, ஒரு முகவரியின் விவரத்தைப் பார்த்தால் 02 அல்லது 03 என்று தொடங்கும் 66 எழுத்து இருக்கும். அதுதான் பப்ளிக் கீ, தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வழியில் ஒருவன் புகுந்து தன் கீயை வைத்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் கரூர்க்காரரிடம் அந்த 66 எழுத்தையே செய்தியாக வைத்து, அதே முகவரியால் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து என்பது பிரைவேட் கீயால் போடும் டிஜிட்டல் முத்திரை, முகவரியை வைத்து அதைச் சரிபார்க்கலாம். அப்புறம் போனில் கூப்பிட்டு முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். குரல் தெரிந்தவர் என்றால் இரண்டு நிமிட வேலை, அதைத் தவிர்க்கவே கூடாது.

இனி அனுப்புவது. டூல்ஸ் மெனுவில் என்கிரிப்ட் (செய்தியைப் பூட்டுவது) என்ற பகுதிக்குப் போய் மேலே செய்தி, நடுவில் அவருடைய பப்ளிக் கீ, பொத்தானை அழுத்தினால் கீழே புரியாத எழுத்துக் குவியல் வரும். அதை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டி அனுப்பலாம், வழியில் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. அவர் அதே பகுதியில் அதைக் கீழே ஒட்டி, நடுவில் தன் பப்ளிக் கீயைப் போட்டு, தன் வாலட்டின் பாஸ்வேர்ட் கொடுத்துத் திறந்துகொள்வார்.

ஆனால் உங்கள் பப்ளிக் கீ யாரிடம் இருந்தாலும் அவர் உங்களுக்குப் பூட்டிய செய்தி அனுப்பலாம். பூட்டியிருப்பதால் மட்டும் அனுப்பியது பார்ட்னர்தான் என்று ஆகிவிடாது. அக்கவுண்ட் நம்பர் மாதிரி விஷயத்துக்கு முதலில் சைன் பகுதியில் உங்கள் முகவரியால் கையெழுத்திடுங்கள், செய்திக்குள்ளேயே யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதுங்கள், பிறகு செய்தியையும் கையெழுத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். தேதி இல்லாவிட்டால் பழைய செய்தியை இன்னொருவர் மறுபடி அனுப்பி ஏமாற்றலாம். இரண்டு பேரும் எலக்ட்ரமே பயன்படுத்துவது நல்லது, ஒரு வாலட்டின் கையெழுத்தை இன்னொரு வாலட் ஏற்காமல் போவதுண்டு.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. "பொள்ளாச்சி" என்பதில் வரும் பொ-வின் குறியை, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான யுனிகோட் முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கையெழுத்தோ பைட் பைட்டாகப் பார்க்கும், அதனால் சரியான செய்தியே தவறு என்று காட்டும். வந்த செய்தியைத் திரும்பத் தட்டச்சு செய்யாமல் அப்படியே காப்பி எடுத்து ஒட்டுங்கள்.

தினசரிப் பேச்சுக்கு சிக்னல் போன்ற செயலியே சரி. அதில் சாவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரே கீதான், அது திருடு போனால் அதற்கு வந்த பழைய செய்திகள் அத்தனையையும் படித்துவிடலாம். பூட்டிய செய்தியை பிளாக்செயினில் எழுதிவைப்பதும் இதனால்தான் கூடாது, அதைப் பிறகு அழிக்கவே முடியாது.

லேப்டாப் தொலைந்தால் உடனே பார்ட்னருக்கு போன் செய்து அந்தக் கீயை விடச் சொல்லிவிட்டுப் புது வாலட் போடுங்கள். புதுக் கீ என்று பழைய முகவரியின் கையெழுத்தோடு ஏதாவது வந்தால் அவர் நம்பக் கூடாது, ஏனென்றால் எடுத்தவனாலும் அந்தக் கையெழுத்தைப் போட முடியும். மறுபடியும் போனில் எழுத்தெழுத்தாகப் படித்தே ஆக வேண்டும்.