எழுத்துப் பரீட்சைக்குப் படிக்க நல்ல இடம் எங்கட வீதிதான்: லைசன்ஸ் எடுக்கப் போகிற திருகோணமலைக்காரருக்கு

பதினைந்து வருசம் சைக்கிள் ஓடியவள், வீதி ஒழுங்கு எனக்குத் தெரியாததா என்ற நினைப்பில்தான் முதல் தடவை எழுத்துப் பரீட்சைக்குப் போனேன். 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். நான் அரை மணித்தியாலத்தில் எழும்பி வந்துவிட்டேன். பெயில்.

இரண்டாம் தடவை பாஸ். இப்போது அக்காவின் மகள் ஸ்கூட்டர் ஓட ஆசைப்பட்டு, "சித்தி, எனக்கும் சொல்லித் தாங்கோ" என்று வந்து நிற்கிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வினா விடைகளைக் கிளிப்பிள்ளை மாதிரிப் பாடமாக்கும் முறை இதில் இல்லை. அப்படிப் படித்துத்தான் நான் பெயிலானேன். படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்டால் பாடமாக்கியது எல்லாம் பறந்துவிடும்.

படி 1: கடதாசி வேலையை முதலில் முடியுங்கள்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மெடிக்கல். இந்த மூன்றில் மெடிக்கல்தான் ஆட்களை அலைய வைப்பது. சாரதிகளுக்கான வைத்தியச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில்தான் எடுக்க வேண்டும். நமக்குத் தெரிந்த டொக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போக முடியாது. நிறுவகத்தின் சான்றிதழ் 6 மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் படிக்கத் தொடங்கும் நோக்கம் உண்மையாகவே இருக்கும்போது எடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போங்கள். விண்ணப்பத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம். லேனர்ஸ் என்கிற சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்தால் இந்த வேலையை அவர்களே பார்ப்பார்கள், ஆனால் படிப்பை அவர்கள் பார்க்க மாட்டார்கள்.

படி 2: தமிழைப் படியுங்கள்

சிரிக்க வேண்டாம். தமிழ் மொழிமூலம் எழுதுகிறவர்கள் தடுக்கி விழுகிற முதல் கல்லே தமிழ்தான். வீட்டில் நாங்கள் பேசுகிற வாகனத் தமிழ் ஒன்று, பரீட்சைத் தமிழ் இன்னொன்று. "ஓவர்டேக் எடுக்கிறது" என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன வாய்க்கு "முந்திச் செல்லல்" என்பது ஒரு நொடி புரியாது. அந்த ஒரு நொடி 40 கேள்விக்கும் சேர்ந்தால் எவ்வளவு பதற்றம் என்று யோசியுங்கள்.

ஒரு கொப்பி எடுங்கள். நடுவில் கோடு கீறி, இடப்பக்கம் நம் வாய்ச்சொல், வலப்பக்கம் பரீட்சைச் சொல். ரவுண்டபோட் என்றால் சுற்றுவட்டம். கலர் லைட் என்றால் வீதிச் சமிக்ஞை விளக்கு. றெயில் கேற் என்றால் புகையிரதக் கடவை. ஹைவே என்று கொழும்புப் பக்கம் சொல்வது அதிவேக நெடுஞ்சாலை. லைட்டில் வருகிற ஒரேஞ்ச் நிறத்துக்குப் பெயர் செம்மஞ்சள். பார்க் பண்ணுவது தரித்தல். "நிறுத்துதல்" வேறு, "தரித்தல்" வேறு என்பதை அடிக்கோடிடுங்கள். ஆளை இறக்கிவிட ஒரு கணம் நிற்பதையும், வாகனத்தை விட்டுவிட்டு மீன் வாங்கப் போவதையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

ஒரு சொல் மட்டும் தலைகீழாக இருக்கிறது. ஆட்கள் வீதியைக் கடக்கும் இடத்தை நாங்கள் மஞ்சள் கடவை என்கிறோம். இப்போது பல இடங்களில் அதை வெள்ளையில்தான் அடிக்கிறார்கள், பெயர் மட்டும் மஞ்சளாகவே நிற்கிறது. பரீட்சையில் "பாதசாரிக் கடவை" என்று வரும்.

படி 3: படத்தைப் பார்க்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள்

வீதிக் குறியீடுகளைத் தனித்தனியாகப் பாடமாக்கப் போனால் ஒரு கிழமையில் வெறுத்துவிடும். முதலில் வெளி உருவமும் நிறமும். மஞ்சள் நிறச் சாய்சதுரம் என்றால் எச்சரிக்கை: முன்னால் ஏதோ இருக்கிறது, கவனம். சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டம் என்றால் தடை: செய்யாதே. நீல வட்டம் என்றால் கட்டாயம்: இதைத்தான் செய்ய வேண்டும். நீலச் சதுரமோ நீள்சதுரமோ என்றால் வெறும் தகவல்.

இதைப் பெறாமகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரே ஒரு இடப்பக்க அம்பைத்தான் எடுத்தேன். அம்பு மஞ்சள் சாய்சதுரத்துக்குள் வளைந்து நின்றால், முன்னால் இடது பக்க வளைவு வருகிறது. அதே அம்பு சிவப்பு வளையத்துக்குள், குறுக்கே கோடு போட்டு நின்றால், இடது பக்கம் திரும்பத் தடை. நீல வட்டத்துக்குள் நின்றால் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும், வேறு வழியில்லை. அம்பு ஒன்று, கட்டளை மூன்று. பரீட்சை வைக்கிறவர்களுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடிக்கும்.

இரண்டு குறியீடுகள் இந்தக் கூட்டத்தில் சேராமல் தனியே நிற்கும். எண்கோண வடிவில் சிவப்பாக இருப்பது 'நில்'. தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'. இவற்றுக்கு மட்டும் தனி உருவம் கொடுத்தது காரணத்தோடுதான்: எழுத்து அழிந்து போனாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும் என்ன குறியீடு என்று தெரியும். வித்தியாசத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். 'வழிவிடு' என்றால் வேகத்தைக் குறைத்து, வாகனம் வந்தால் நிற்க வேண்டும்; வராவிட்டால் போகலாம். 'நில்' என்றால் வீதி வெறிச்சோடிக் கிடந்தாலும் சில்லு முழுதாக நிற்க வேண்டும். "ஒருவரும் வரவில்லை என்றால் மெதுவாகப் போகலாம்" என்று ஒரு விடை பக்கத்திலேயே அழகாக உட்கார்ந்திருக்கும். நான் அதைத்தான் தெரிவு செய்தேன்.

இன்னொரு பொறி, புகையிரதக் கடவை. கேற் படம் போட்ட சாய்சதுரம் காவல் உள்ள கடவை. றெயில் எஞ்சின் படம் போட்டது காவல் இல்லாத கடவை. பலர் இதை மாற்றிச் சொல்வார்கள். கேற் இருந்தால் கேற்றைக் காட்டுகிறான். கேற் இல்லாத இடத்தில் காட்டுவதற்கு றெயில்தான் இருக்கிறது. இப்படி நினைத்தால் மறக்காது. சீனக்குடாப் பக்கம் போகும்போது தண்டவாளத்துக்குக் கிட்ட என்ன படம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மிருகப் படம் போட்ட எச்சரிக்கையை நாங்கள் படிக்கவே தேவையில்லை. பிரட்றிக் கோட்டை வாசலிலும் பஸ் நிலையப் பக்கத்திலும் புள்ளிமான்கள் ஏதோ தங்கள் முற்றம் மாதிரி வீதியைக் கடப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் ஏ6 வீதியில் மானுக்குப் பதில் யானை. இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்றுதான்: வேகத்தைக் குறை, ஹோர்ன் அடித்து வெருட்டாதே, ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று நினை.

படி 4: நிலத்தில் உள்ள எழுத்து

நடுக்கோடு விட்டு விட்டு இருந்தால், முன்னால் வீதி தெளிவாக இருக்கும்போது தாண்டி முந்தலாம். தொடர் கோடு என்றால் தாண்டக் கூடாது. ஒரு பக்கம் தொடர், மறுபக்கம் விட்டு விட்டு என்று இரட்டையாக வந்தால், உங்களுக்குக் கிட்ட இருக்கும் கோடுதான் உங்களுக்குரிய சட்டம். எதிரே வருகிறவருக்கு அவருக்குக் கிட்ட உள்ளது. நிலாவெளி வீதியில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் இருந்து கோடு மாறும் இடங்களைப் பாருங்கள். வளைவு வருவதற்கு முன்பே கோடு தொடராகிவிடும். கோடு போட்டவர் உங்களுக்கு முன்பே அந்த வளைவைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

முந்துவது வலப்பக்கத்தால். முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டுக்கொண்டு நிற்கும்போது மட்டும் இடப்பக்கத்தால் போகலாம். வளைவு, சந்தி, பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை, பாலம் இவற்றில் முந்தக் கூடாது. பாலம் என்றால் எங்களுக்குக் கிண்ணியாப் பாலம். 2009இல் அது திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரை போன சனம் நாங்கள். அதில் நின்று படம் எடுக்க ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பாலத்தில் வாகனத்தை நிறுத்துவது பிழை. அந்தக் கேள்வி வந்தால் அழகான கடலை மறந்துவிட்டு விடை எழுதுங்கள்.

படி 5: யார் முதலில் போவது?

இதில்தான் புள்ளிகள் கொட்டிக் கிடக்கின்றன, இதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். சந்தியின் படம் ஒன்று, அதில் இரண்டு மூன்று வாகனம், எது முதலில் போக வேண்டும்?

புத்தகத்தில் பார்த்து எனக்கு ஏறவில்லை. சமையலறை நிலத்தில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். அது சுற்றுவட்டம். சோடா மூடிகள் வாகனங்கள். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிற நாடு, எனவே தட்டைச் சுற்றி மூடிகள் மணிக்கூட்டு முள் போகிற திசையில்தான் போக வேண்டும். உள்ளே நுழையப் போகிறவருக்கு வாகனம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? வலப்பக்கத்திலிருந்து. அதனால்தான் சுற்றுவட்டத்தில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்கிறார்கள். மூடியைக் கையால் நகர்த்திப் பார்த்தவளுக்கு அதைப் பாடமாக்க வேண்டி வரவில்லை.

மற்றவற்றையும் இப்படியே நகர்த்துங்கள். சிறு வீதியிலிருந்து பிரதான வீதிக்கு வருகிறவர் பிரதான வீதிக்காரருக்கு வழிவிட வேண்டும். வலப்பக்கம் திரும்பப் போகிறவர், நேரே எதிரில் வருகிறவரை விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏனென்றால் அவர்தான் மற்றவரின் பாதையை வெட்டுகிறார். ஒடுங்கிய ஏற்றத்தில் இரண்டு வாகனம் சந்தித்தால், இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு விட வேண்டும். உவர்மலை ஏற்றத்தில் பாரத்தோடு சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: பாதியில் நின்றால் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம்! சைரன் போட்டுக்கொண்டு வருகிற அம்புலன்சுக்கு எல்லோருமே ஓரமாகி வழிவிட வேண்டும். பொலிஸ்காரர் கையால் மறித்தால், விளக்கு பச்சையாக இருந்தாலும் நிற்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு பின்னேரம் மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் போய், ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். யார் யாருக்கு விட்டிருக்க வேண்டும், யார் விடவில்லை என்று எண்ணுங்கள். எச்சரிக்கை: வீதியில் நடப்பதை விடையாக எழுதிவிடாதீர்கள். ஓட்டோ அண்ணாமார் செய்வது வேறு பாடத்திட்டம்.

படி 6: இலக்கங்கள்

குறைவாகத்தான் இருக்கின்றன. வேறு பலகை இல்லாதபோது, காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், ஊருக்கு வெளியே 70. அதிவேக நெடுஞ்சாலையில் காருக்கு 100. சிவப்பு வளையத்துக்குள் இலக்கம் போட்ட பலகை இருந்தால் அதுதான் உச்சம்.

இலக்கத்தோடு அதன் அர்த்தத்தையும் சேர்த்துப் படியுங்கள். 50இல் போகும்போது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் நகர்கிறீர்கள், 70இல் 19 மீற்றருக்கு மேல். மான் பாய்ந்ததைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு செக்கன் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும், இரண்டு மடங்கு அல்ல. மாரி மழையில் வீதி நனைந்தால் இன்னும் கூடும்.

ஹெல்மெட் ஓடுகிறவருக்கும் வேண்டும், பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். கோயிலுக்குத்தானே போகிறோம் என்றாலும். காரில் முன் ஆசனத்தில் இருக்கிற இருவரும் பட்டி போட வேண்டும். கையில் போனைப் பிடித்துக் கதைத்துக்கொண்டு ஓடக் கூடாது. சாரதி கையால் காட்டும் சமிக்ஞைகளையும் ஒரு தடவை கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள்.

படி 7: பரீட்சை நாள்

முதல் கிழமை சொற்கொப்பியும் குறியீட்டு உருவங்களும், அடுத்த கிழமை கோடும் சந்தியும், கடைசிக் கிழமை மட்டும் மாதிரி வினாத்தாள். 40க்கு 36க்குக் குறையாமல் மூன்று நாள் தொடர்ந்து எடுக்கும்வரை நாள் குறிக்க வேண்டாம் என்று பெறாமகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மண்டபத்தில் கேள்வியின் கடைசி இரண்டு சொற்களை முதலில் பாருங்கள். "சரியானது எது" என்பதும் "பிழையானது எது" என்பதும் ஒரே மாதிரிக் கண்ணுக்குத் தெரியும். அவசரத்தில் வாசித்தால் சரியான கூற்றைக் கண்டதும் கை போய்விடும். ஒரு மணித்தியாலத்தில் 40 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். அது தாராளம். தெரியாததைத் தாண்டிப் போய், முடிவில் திரும்பி வாருங்கள். எல்லாம் முடித்த பிறகும் நேரம் மிஞ்சும். அப்போது எழும்பாமல், குறித்த விடைகளை முதலிலிருந்து பாருங்கள். இரண்டாம் தடவை நான் அப்படி இருந்ததில்தான் இரண்டு "பிழையானது எது" அகப்பட்டது.

அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு ஆறாம் கட்டைவரை போய்த் திரும்பி ஓடியவர்களை எனக்குத் தெரியும். முதல் நாள் இரவே பையில் வையுங்கள்.

பாஸானால் கையில் வருவது லைசன்ஸ் அல்ல, பயிலுனர் அனுமதிப்பத்திரம். வாகனத்தின் முன்னாலும் பின்னாலும் 'எல்' பலகையைக் கட்டிக்கொண்டுதான் வீதியில் இறங்க வேண்டும். பெறாமகள் பரீட்சைக்கு நாள் குறிக்கும் முன்பே அந்தப் பலகை இரண்டையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.