தூக்கிப்போட்ட மின்சாரக் காத்தாடியை எடுத்துச் சரிசெய்து ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பினாங்கில் எந்த அடுக்குமாடியின் குப்பைத் தொட்டிப் பக்கமும் போய்ப் பாருங்கள். வீடு கழுவுகிறோம், சாயம் அடிக்கிறோம் என்று ஆளாளுக்குப் பழைய சாமான்களைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். ஸ்டாண்டு காத்தாடி, ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், பிளெண்டர். சீனப் பெருநாளுக்கு முன்பும் இதே காட்சிதான். அவற்றில் பலவற்றுக்குப் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்குகிற கோளாறுதான் இருக்கும்.

நான் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலை. இருபது வருடமாக இந்தச் சாமான்களை எடுத்து, சரிசெய்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். கொஞ்ச நாளாக எங்கள் பிளாட்டின் கீழ்மாடி மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு பிள்ளைகள் பழக வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், கை வேகமும் இருக்கிறது. ஆனால் நான் அந்த வயதில் செய்த தப்புகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திற, ஈரக் கையால் தொடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் திருப்புளியையே எடுக்கக் கூடாது.

எடுத்து வந்ததும் சொருகிப் பார்ப்பது

குப்பைத் தொட்டி ஓரம் கிடந்த சாமான் எத்தனை மழை பார்த்தது என்று உங்களுக்குத் தெரியாது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே சுவிட்ச் பெட்டியில் தண்ணீர் நிற்கும். ஒரு ரைஸ் குக்கரின் அடித்தட்டைக் கழற்றினேன். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலில் திறங்கள். தூசியைத் துலக்குங்கள், இரண்டு நாள் காயவிடுங்கள். அப்புறம் மல்ட்டிமீட்டரை வைத்து எர்த் முனைக்கும் மற்ற இரண்டு முனைகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கக் கூடாது. ஆனால் மல்ட்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும், 240 வோல்ட்டில் கசிவதை அது காட்டாமல் போகலாம். அதனால் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக, அதாவது மின்சாரம் பல்பைக் கடந்தே சாமானுக்குப் போகும்படி, இணைத்துக் கொடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், சாமானுக்கும் வீட்டு ஃபியூஸுக்கும் ஒன்றும் ஆகாது. பல்பு நடுவில் இருக்கிறதே என்று உள்ளே கை வைத்துவிடாதீர்கள், அப்போதும் உள்ளே உயிர் மின்சாரம்தான்.

தெர்மல் ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரை முறுக்கிவிடுவது

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றுக்காகத்தான்.

போன மாதம் ஒரு தம்பி பதினாறு அங்குல ஸ்டாண்டு காத்தாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, செத்துக் கிடந்துச்சு. காயில்ல ஒரு குட்டி ஃபியூஸ் போயிருந்துச்சு. அதை வெட்டி எடுத்துட்டு ஒயரை நேரா முறுக்கிட்டேன். பாருங்க, எப்படி ஓடுதுன்னு!" ஓடத்தான் செய்தது. நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றி, இறக்கையை எடுத்துவிட்டு அச்சை இரண்டு விரலால் திருப்பினேன். தேன் பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது. மூக்கருகே கொண்டுபோனால் சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் வாசனை. பழைய சொந்தக்காரர் சத்தம் வருகிறது என்று சமையலறை எண்ணெயை ஊற்றியிருக்கிறார். அது அச்சைத் தாங்குகிற புஷ்ஷுக்குள் பிசினாகிவிட்டது.

என்ன நடந்தது என்று பாருங்கள். பிசின் அச்சைப் பிடித்தது. இறக்கை மெதுவானது, ஒரு நாள் நின்றேவிட்டது. காத்தாடி மோட்டார் தன் இறக்கை இழுக்கிற காற்றில்தான் சூடு ஆறுகிறது. இறக்கை நின்றால் அந்தக் காற்றும் இல்லை. மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் கொதிக்கத் தொடங்குகிறது. காயிலோடு ஒட்டிக் கிடந்த தெர்மல் ஃபியூஸ், தன் மேல் எழுதியிருந்த சூட்டுக்கு வந்ததும் உருகி, இணைப்பைத் துண்டித்தது. தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே பொருள் அதுதான். அதைத்தான் தம்பி வெட்டி எறிந்திருக்கிறான்.

"பிளக்குல ஃபியூஸ் இருக்கே அண்ணே, மெயின் பாக்ஸ்ல பிரேக்கர் இருக்கே" என்றான். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஸ்டாண்டு காத்தாடி 50, 60 வாட். 240 வோல்ட்டில் கால் ஆம்ப் அளவுக்குத்தான் இழுக்கும். இறுகி நின்றாலும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பிளக்கில் இருக்கிற 3 ஆம்ப் ஃபியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது, மெயின் பாக்ஸ் பிரேக்கருக்கு அதைவிட மோசம். மெயின் பாக்ஸில் கசிவுக் காப்பாக இருக்கிற இ.எல்.சி.பி., மின்சாரம் வெளியே கசிந்தால்தான் விழும். உள்ளே காயில் வேகிறதா என்பது அதற்குத் தெரியாது. அந்த வீட்டில் சூட்டை உணர்கிற பொருள் ஒன்றே ஒன்று. கிராம்பு அளவுதான் இருக்கும், வெள்ளை ஸ்லீவுக்குள், காயிலைக் கட்டிய நூலுக்கு அடியில்.

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் மேல்மாடி அக்கா ஒரு காத்தாடியைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, உதிரிச் சாமான் கடை அடைத்திருந்தது. இப்போதைக்கு ஒயரைப் போட்டுக் கொடுப்போம், நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வேலை, மறுநாள் ஓவர்டைம், அப்படியே மறந்துபோனது. மூன்று வாரம் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் அக்கா எழுந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். மோட்டாரின் பின்மூடி உருகிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து, விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தவர் அவருடைய அம்மா. எழுந்து நடக்க முடியாதவர். காலையில் அந்தக் காத்தாடியை என் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு அக்கா கேட்டது ஒன்றுதான்: "நல்லாத்தானே ஓடிச்சு தம்பி?"

அதற்குப் பிறகு ஒரு முறைகூட நான் ஒயரைப் போட்டுக் கொடுத்ததில்லை. தற்காலிகமாகக்கூட இல்லை.

சரி, எப்படிச் செய்வது? காத்தாடி ஒரு சத்தமும் இல்லாமல் செத்துக் கிடந்தால், ஒயரும் சுவிட்சும் நன்றாக இருந்தால், தெர்மல் ஃபியூஸைச் சந்தேகப்படுங்கள். அதைத் தொடுவதற்கு முன் அது ஏன் போனது என்று கண்டுபிடியுங்கள். அச்சு இறுகியிருக்கிறதா? அச்சைச் சுற்றித் தலைமுடி கட்டியிருக்கிறதா? மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் பலவீனமாகிவிட்டதா? புஷ்ஷைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து நன்றாகக் காயவையுங்கள். சுற்றியிருக்கிற கம்பளி போன்ற ஃபெல்ட் வளையத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஊறவிடுங்கள். டபிள்யூ.டி.-40 அடித்து முடித்துக்கொள்ளாதீர்கள். துரு பிடித்ததைக் கழற்ற அது நல்லது. புஷ்ஷில் நின்று மசகு போட அது போதாது. இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும், இரண்டு வாரத்தில் பழைய கதை. கழுவிய பிறகு அச்சை விரலால் சுண்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். அச்சே தேய்ந்து ஆடினால் விட்டுவிடுங்கள்.

காயிலையும் பாருங்கள். வார்னிஷ் கறுத்து, நகம் பட்டால் உதிர்ந்தால் அது வெந்த காயில். அதற்குப் புது ஃபியூஸ் போட்டுப் பயனில்லை.

காயில் நன்றாக இருந்தால், பழைய ஃபியூஸில் பொறித்திருப்பதைப் படித்து அதே அளவில் வாங்குங்கள். 2 ஆம்ப், 250 வோல்ட், 130 டிகிரி என்பதுபோல் இருக்கும். சூட்டு அளவு மாறவே கூடாது. ரைஸ் குக்கருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இதைவிடக் கூடிய சூடு, கூடிய ஆம்ப்; ஒன்றினுடையதை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். இன்னொரு விஷயம், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: ஈயம் வைத்து ஒட்டும்போது அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும். பிள்ளைகள் ஒரே நாளில் மூன்றை இப்படிக் கொன்றார்கள், அப்புறம் "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்கள். நசுக்கி இணைக்கிற சின்னக் குழாய் போட்டு கிரிம்ப் பண்ணுங்கள். ஈயம்தான் வழி என்றால் ஃபியூஸுக்கும் ஒட்டும் இடத்துக்கும் நடுவே மூக்குக் குறடால் கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளுங்கள். சூடு குறடுக்குப் போய்விடும். கடைசியாக, ஸ்லீவ் மாட்டி, பழைய இடத்திலேயே காயிலோடு ஒட்டி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். தள்ளித் தொங்கினால் காயில் வெந்த பிறகுதான் அதற்குத் தெரியவரும்.

ரைஸ் குக்கரிலும் இதே ஒழுங்குதான். நடுவில் இருக்கிற காந்த தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 103 டிகிரியில் விட்டுவிட வேண்டும். சட்டிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலோ, சட்டியின் அடி நெளிந்திருந்தாலோ அது சூட்டைச் சரியாக உணராது. தட்டு கொதிக்கும், ஃபியூஸ் போகும். பருக்கையைச் சுரண்டாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் திரும்பி வரும்.

ஒரு ஃபியூஸின் விலை ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி.

வேகம் கூடட்டும் என்று பெரிய கெப்பாசிட்டர் போடுவது

மேசைக் காத்தாடிக்கு 1 முதல் 2 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். உறுமிக்கொண்டு நிற்கிறது, விரலால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் கெப்பாசிட்டர் தேய்ந்துவிட்டது. 1.5 எழுதியிருந்தால் 1.5 போடுங்கள். 2.5 போட்டால் துணைக் காயிலில் மின்சாரம் கூடி, மோட்டார் சூடாகும். மேலே சொன்ன கதை மறுபடி தொடங்கும். வோல்ட் அளவு மட்டும் கூடலாம்: 400 இருந்த இடத்தில் 450 போடலாம்.

எர்த்தை வெட்டிவிடுவது

அயர்ன் பாக்ஸின் ஒயர் பிய்ந்துவிட்டது என்று பழைய ரேடியோவின் இரட்டை ஒயரைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். ரேடியோவுக்கு அது போதும். உடம்பு உலோகமாக இருக்கிற அயர்ன், குக்கர், கேத்தல் எதுவானாலும் மூன்று ஒயர் வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறி இருந்தால் மட்டுமே எர்த் இல்லாமல் விடலாம். இரட்டை முனை பிளக்கைச் சொருக, சுவர் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனா மூடியை விட்டு மூடியைத் திறக்கிற பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய சாமான்களில் சிவப்பு உயிர், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியவற்றில் பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும். ஃபியூஸ் உயிர் ஒயரின் பக்கம்தான் இருக்க வேண்டும். காத்தாடிக்கு 3 ஆம்ப் போதும். கையில் கிடைத்த 13 ஆம்பைப் போடாதீர்கள். பிளக் ஃபியூஸ் காப்பது அந்த மெல்லிய ஒயரைத்தான்.

மைக்ரோவேவ்

திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும்.

பிரிட்ஜ் குழாயை அறுப்பது

வேண்டாம். சில பிரிட்ஜுகளில் இருப்பது தீப்பற்றுகிற வாயு.

ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது

அந்தப் புகை விஷம். தோலை உரித்து எடுங்கள், நேரம் இல்லையென்றால் அப்படியே பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள்.

கிடைத்ததையெல்லாம் வீட்டில் சேர்ப்பது

லோரோங் கூலிட் சந்தையில் ஒரு காலைப் பொழுது நின்றால் தெரியும், எவ்வளவு பழைய சாமான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது என்று. அவசரமே இல்லை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். என் வீட்டு நடைவழியில் ஒரு காலத்தில் பதினோரு காத்தாடிகள் நின்றன, ஓடியது இரண்டு. மழைநீர் தேங்கிக் கொசு வந்ததுதான் மிச்சம். முடியாது என்று தெரிந்ததைப் பிரித்து, உதவுகிற கெப்பாசிட்டர், சுவிட்ச், திருகு, பிளக் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி மின்சார, மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக, அதாவது தனியாகக் கையாள வேண்டிய கழிவாக, வருகிறது. அதைச் சாதாரணக் குப்பையோடு கலந்து போடுவது சரியில்லை.

ஓடியதும் கொடுத்துவிடுவது

ஐந்து நிமிடம் ஓடினால் போதாது. நான் மூன்று மணி நேரம் ஓட்டுவேன், தலை ஆட்டத்தோடு. கழுத்தில் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தால் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். பிறகு நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைப்பேன். சூடு இருக்கும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. பத்து வரை எண்ண முடிய வேண்டும்.

அந்தத் தம்பியின் காத்தாடிக்குப் புஷ் கழுவி, 130 டிகிரி ஃபியூஸை கிரிம்ப் செய்து அவனே கட்டினான். மூன்று மணி நேரம் கழித்துக் கையை வைத்துப் பார்த்து, இருபது வரை எண்ணினான். அது இப்போது அவன் பாட்டி வீட்டில், ஆயர் ஈத்தாமில் ஓடுகிறது.