கிலோமீட்டர் வேறு, மணி நேரம் வேறு: விமானப் பயணத்தைக் கணக்கிடும் முறை

வெளிநாட்டில் குடியேறிய முதல் மாதங்களில், ஊருக்குப் போகவோ பெற்றோரை வரவழைக்கவோ விமானச் சீட்டுத் தேடுபவர்களில் பலர், இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை 900ஆல் வகுத்துப் பயண நேரத்தை முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரிய விமானங்கள் மேலேறிய பின் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது உண்மையே. ஆயினும், அந்த விடையை நம்பி யாரையும் விமான நிலையத்துக்கு அழைத்துவிடக் கூடாது.

இணையத்தில் காட்டப்படும் தூரம், உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். விமானம் எப்போதும் அக்கோட்டின் மேலேயே செல்வதில்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பின், பத்து மணி நேரத்துக்கும் குறைவாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாக நீண்டது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, வழிதான் மாறியது.

காற்றின் பங்கு இதைவிடச் சுவையானது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். மேற்கே செல்ல ஏறத்தாழ எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் ஆகின்றன. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று ஒரு திசையில் தள்ளிவிடுகிறது, மறுதிசையில் தடுக்கிறது. 2020 பிப்ரவரியில் கடும்புயலின்போது நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. இந்த வேறுபாடு பொதுவாகக் குளிர்காலத்தில் கூடுதலாக இருக்கும்.

சீட்டில் அச்சிடப்படும் பயண நேரம், விமானம் நிற்கும் வாயிலிலிருந்து (gate) சேரும் இடத்து வாயில் வரையிலானது என்பதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் அதில் அடங்கும். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். காலை 11 மணிக்கு லண்டனில் கிளம்பிப் பிற்பகல் 2 மணிக்கு நியூயார்க் சேரும் விமானம், நியூயார்க் கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்தங்கியிருப்பதால், மூன்று மணி நேரம் அல்ல, எட்டு மணி நேரம் பறக்கிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடைகால நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், பிரிட்டன் அம்மாதக் கடைசி ஞாயிறன்றும் மாறுவதால், இடைப்பட்ட நாட்களில் அதே விமானம் 3 மணிக்குச் சேருவதாகக் காட்டும். சேரும் நேரத்தின் அருகே +1 என்றிருந்தால் மறுநாள் என்று பொருள். வரவேற்கப் போகிறவர்கள் தேதியில் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இடையில் விமானம் மாறுவதாயின், இரு பயணங்களும் ஒரே முன்பதிவில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கலாம், அதற்காக அந்த நாட்டின் விசாவும் தேவைப்படலாம். சில நூறு கிலோமீட்டர் குறையும் வழியைவிட, ஒரே முன்பதிவில் மூன்று மணி நேர இடைவெளியுள்ள வழியையே முதன்முறை தனியாக வரும் முதியவர்களுக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.