புரட்டாசி முதல் கார்த்திகை வரை: கொல்லையிலும் ஏரிக்கரையிலும் பறவை பார்க்க

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புரட்டாசியிலேயே வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும். முன்னதாக வருபவற்றில் ஒன்று சாம்பல் வாலாட்டி. ஆண்டு முழுக்க இங்கிருக்கும் வெண்புருவ வாலாட்டி கறுப்பு வெள்ளை. புதிதாக வந்ததற்கு முதுகு சாம்பல், வாலடியில் மஞ்சள். உள்ளூர்ப் பறவையைத் தெரிந்தால்தான் புதிதாக வந்தது கண்ணில் படும். எனவே மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, செம்போத்து ஆகியவற்றை முதலில் குரலோடு பழகிக்கொள்ளுங்கள்.

கொல்லையில் அகலமான மண்தட்டு ஒன்று போதும். தண்ணீர் 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் வையுங்கள். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தினமும் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு வந்துவிடும். கம்பு, சாமை போடுவதானால் ஒரு கைப்பிடி, அதுவும் காலையில் தின்று தீரும் அளவுதான். மழையில் நனைந்த தானியம் பூஞ்சை பிடித்துப் பறவைக்கு நோய் தரும்.

தானியத்துக்கு வருபவை புறா, சில்லை, சிட்டுக்குருவி போன்றவைதான். வலசை வரும் கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் எல்லாம் பூச்சி தின்பவை. அவரைப் பந்தலுக்கும் மாமரத்துக்கும் மருந்தடித்துவிட்டு அவற்றுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. மாமரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல் விடுங்கள். அதைக் கிளறி இரை தேட ஆறுமணிக்குருவி வரலாம். விடியலிலும் அந்தியிலும் கூவும் பறவை இது. இரவில் பயணம் செய்வதால் களைத்தோ கண்ணாடியில் மோதியோ வீட்டருகே விழுந்து கிடப்பதுண்டு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தெளிந்ததும் மரநிழலில் விடுங்கள். பறக்கவில்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) வாங்குவது நல்லது. 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண்ணுக்குத் தெளியும் வரை வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்குத் தலைவலி வருகிறது. பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். ஈரத்தோடு உறையில் போட்டு மூடினால் லென்ஸில் பூஞ்சை படரும்.

விடிந்து முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது. அதைவிடவும் நல்லது, மழை விட்டு வெயில் அடிக்கும் நேரம். ஈசல் கிளம்பினால் கரிச்சான், பஞ்சுருட்டான், தகைவிலான் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடும். மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருப்பது தகைவிலான். பறக்கும்போது அதைப்போலவே தெரியும் உழவாரன் கம்பியில் உட்காராது, அதன் கால் அதற்கேற்றதல்ல.

பாரூர் ஏரிக்கோ கிருஷ்ணகிரி அணைக்கோ போனால் எல்லோரும் கரைமேல்தான் நிற்பார்கள். அங்கே ஆழம் அதிகம். நீர்க்காகமும் முக்குளிப்பானும் தெரியும். சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் வேண்டுமானால் தண்ணீர் வந்து சேரும் எதிர்ப்பக்கத்துச் சேற்று விளிம்பைப் பாருங்கள். ஏரி நிரம்பிச் சேறு மூழ்கிவிட்டால் அவை வேறிடம் போய்விடும், ஆகவே பெருமழைக்கு முன்பே ஒரு நடை போய்வாருங்கள். காலையில் கிழக்குப் பக்கம் நின்றால் சூரியன் முதுகுப்புறம் இருக்கும், நிறம் தெளியும்.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் இந்த மாதங்களில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கும். நன்றாக வெளிச்சம் வந்தபின், உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டே காட்டோர வயல்களுக்குப் போங்கள். காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். பறவையை வரவழைக்க அலைபேசியில் அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று நினைத்து அது இரை தேடுவதையே விட்டுவிடும்.