பரப்பு என்ன விலை என்று கேட்பதற்கு முன்: யாழ்ப்பாணத்தில் வீடு, காணி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டுக் காணியில் பணம் போட நினைப்பவர் தரகரிடம் முதலில் கேட்பது, “பரப்பு என்ன விலை போகிறது?” என்பதுதான். (பரப்பு என்பது இங்கே காணியை அளக்கும் அலகு.) அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டும். காணி யாருடையது, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்ற இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசலாம். இங்கே காணியில் பணத்தை இழந்தவர்களில் பலர், காணிப் பத்திரமான உறுதியை எழுதும் நொத்தாரிசின் மேசையில் கையெழுத்திட்ட அன்றே அதை இழந்துவிட்டார்கள். அது தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து.

முதல் தவறு, உறுதியில் பெயர் இருப்பவரை மட்டும் உரிமையாளர் என்று நம்புவது. வடக்கில் தமிழர்களின் காணிகளுக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்துகிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட வழக்கங்கள் அவை. பின்னர் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டமும் அவற்றைத் திருத்தி அமைத்தன. திருமணத்தின் பின் விலை கொடுத்து வாங்கிய சொத்து தேடியதேட்டம். அது கணவன் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அதில் உரித்து உண்டு. ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பங்கில் பிள்ளைகளுக்கும் உரித்து வருகிறது. தந்தை காலமான பிறகு தாய் தனியாக முழுக் காணியையும் விற்கிறார் என்றால், லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் பிள்ளைகளின் கையெழுத்து எங்கே என்று வாங்குகிறவர் கேட்டே ஆக வேண்டும். “அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்” என்ற வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டால், அடுத்த தலைமுறை நீதிமன்றத்தில் அதற்குப் பதில் சொல்லும்.

சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதிய காணியை அவர் விற்பதானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதும் அந்த 1911 சட்டத்தில் இருக்கிறது. தன் சொத்தை விற்க ஒரு பெண் இன்னொருவரின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அது மாற வேண்டும். ஆனால் சட்டம் நடைமுறையில் இருக்கும்வரை அந்தச் சம்மதமில்லாத உறுதியை வாங்காதீர்கள்.

பிரிபடாத பங்கை வாங்குவது இதைவிடச் சிக்கலானது. “மூன்று பரப்பில் மூன்றில் ஒரு பங்கு” என்று உறுதி சொல்லும்; நிலத்தில் அந்தப் பங்கு கிழக்கிலா மேற்கிலா என்று எந்தக் காகிதமும் சொல்லாது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். அப்படிப்பட்ட காணியில் மற்றப் பங்குக்காரருக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாமே வாங்கும் உரிமை, உண்டு. விற்கப்போவதை அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வெளியாருக்கு எழுதினால் அவர்கள் வழக்குப் போடலாம். பங்குகளைப் பிரிக்க 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரவும் வழி உண்டு. ஆனால் பிரிவினை வழக்கு எத்தனை ஆண்டு இழுபடும் என்பதை யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாப் பங்குக்காரரும் ஒன்றாக இருந்து பங்கீட்டு உறுதி எழுதி, நில அளவையாளரின் வரைபடத்தை இணைத்த பிறகு வாங்குங்கள்.

காணிப் பதிவகத்தில் தோம்பை, அதாவது காணிப் பதிவேட்டை, பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் குடாநாட்டின் வலிகாமப் பகுதியை விட்டு மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோதும் பிற இடப்பெயர்வுகளிலும் எத்தனையோ குடும்பங்களின் உறுதிகள் தொலைந்தன. உரிமையாளர் வெளிநாட்டில், வீடு பூட்டியபடி, உறுதி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கள்ள உறுதி எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆகவே விற்பவர் காட்டும் பிரதியோடு நில்லாமல், பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதியை நீங்களே எடுங்கள். குறைந்தது 30 ஆண்டுக்கான உறுதித் தொடரைச் சட்டத்தரணியிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் விற்பவரின் சட்டத்தரணியாக இருக்கக் கூடாது. உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டு யார் பணம் கட்டினார் என்பதை மட்டும் காட்டும், உரித்தைக் காட்டாது. அற்றோணித் தத்துவத்தை, அதாவது உரிமையாளர் தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரத்தை, வைத்து ஒருவர் விற்கிறார் என்றால், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரடியாகத் தொலைபேசியில் பேசி அறியுங்கள். கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அந்தத் தத்துவமும் முடிந்துவிடுகிறது.

உறுதியில் “தரும சாதனம்” என்ற சொல்லையும் தேடுங்கள். கோயிலுக்கோ மடத்துக்கோ எழுதிவைத்த காணியை முகாமையாளர் தன் சொத்தாக நினைத்து விற்றுவிட முடியாது.

முற்பணம் கொடுக்கும் முறையிலும் பெரிய தவறு நடக்கிறது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணியை விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு காணியை எழுதித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. முழு விற்பனைக்கான அறுதி உறுதி எழுதிய பிறகும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றால், விலை கொடுத்து வாங்கிக் களவில்லாமல் முதலில் பதிந்தவருக்கே 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம் முன்னுரிமை தருகிறது.

புலம்பெயர்ந்தவர்களுக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. கனடா அல்லது பிரித்தானியக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவரும், பிறந்த மண் இதுவாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்குத் தடையில்லை; மரபுரிமையாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு. இதற்குக் குறுக்குவழியாகப் பலர் ஊரில் இருக்கும் தம்பியின் பெயரில் வாங்குகிறார்கள். தம்பி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் திருமணமானவர் என்றால், அது அவருடைய தேடியதேட்டம் என்று அவரது மனைவியும் பிள்ளைகளும் உரிமை கோர இடமுண்டு. பணம் அனுப்பியவரின் பெயர் எந்த உறுதியிலும் இல்லை. பாசத்தால் செய்த இந்த ஏற்பாட்டால் சகோதரர்கள் ஒருவர் வீட்டுப் படி மற்றவர் ஏறாமல் போன குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. பணத்தைவிட அதுதான் எனக்கு வேதனை தருகிறது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள், கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

வாங்கிய காணியைப் பார்க்க ஆளில்லாமல் விடுவதும் ஆபத்து. ஒருவர் உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் தடையின்றி ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கோரலாம். போர்க்காலத்தில் காணிக்கு வர முடியாதவர்களுக்காக 2016 இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. இன்று காணியை வெறுமனே விட்டுவைப்பவருக்கு அது கைகொடுக்காது. உறவினரைக் குடியிருத்தினாலும் அனுமதியின் பேரில் இருக்கிறார் என்பதை எழுத்தில் வைத்திருங்கள்.

இனித் தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்றுக்கு வருகிறது. கடலோரத்திலும் தீவகத்திலும் அது விரைவில் உப்பேறிச் சவராகிறது. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று கலந்திருக்கிறது. சுண்ணாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாரியில் குடித்துப் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று முடிவு செய்யாதீர்கள். ஆவணி, புரட்டாதியில், நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுங்கள். அயலவரின் மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். உங்கள் வேலிக்குள் எல்லாம் சரியாக இருந்தாலும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வேலியை மதிப்பதில்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. ஆனால் நீங்கள் வாங்கப்போகும் ஒழுங்கைக்குக் குழாய் வந்துவிட்டதா என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி. பங்குக் கிணறு என்றால் கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் உள்ள உரித்து உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காணியைக் கோடையில் பார்த்து வாங்குவதும் அதே வகைத் தவறு. 2008 இல் நிஷா புயலின்போதும் 2024 நவம்பர் மழையிலும் எங்கே வெள்ளம் நின்றது என்று அயலில் உள்ள வயதானவர்களிடம் கேளுங்கள். மலிவாக வரும் வயற்காணியை மண் போட்டு நிரப்பி வீட்டுத் துண்டுகளாக விற்பவர்கள் இருக்கிறார்கள். கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியின்றி வயலை நிரப்புவது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அந்த வயல்தான் முழு ஊரின் மழைநீரையும் வாங்கி நிலத்துக்குள் இறக்கியது. அதை மூடினால் அயலவர் முற்றத்தில் வெள்ளம் நிற்கும், கிணறுகள் சவராகும். சட்டம் தடுக்காவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது.

வாடகைக்கு விட வாங்குபவர், விமான நிலையம், துறைமுகம் என்று வரும் அறிவிப்புகளை நம்பித் தூரத்துக் காணிக்கு ஓட வேண்டாம். பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலி, கொக்குவில், போதனா வைத்தியசாலையின் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் மாணவருக்கும் ஊழியருக்கும் ஆண்டு முழுவதும் அறை தேவைப்படுகிறது. கட்டடத்துக்கு மாநகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதி இருக்கிறதா, பின்னால் கட்டிய அறைகள் அந்த வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

கடைசியில் விலை. ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி. வேலிக்குள் அவ்வளவு இருக்கிறதா என்று புதிதாக அளந்த பிறகே பெருக்கிப் பாருங்கள். வேலிக்கு நடும் கதியால்கள் காலப்போக்கில் நகரும். முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும். இதை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது மூலதன ஆதாய வரி அந்தக் குறைந்த தொகையிலிருந்து கணக்கிடப்படும். உரித்தில் பிழை வந்து விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டாலும், உறுதியில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.